மீன்தொட்டி அக்கா

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில், ஓய்வு பெறுகிற என் ஓரகத்திக்குப் பிரிவு விழா. அன்று எல்லோருக்கும் கொடுக்கப்போகும் சின்ன விழா மலரில் அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச்சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் அவள் மாடியில், நான் கீழே. ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே அறையில், பதினாறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. என்னை விட்டால் வேறு யார் எழுதுவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். “அன்பே உருவானவர்”, “சிரித்த முகம்”, “பணியில் தெய்வம்” என்றெல்லாம் எழுதினால் கை கூசுகிறது. அவள் அப்படியெல்லாம் இல்லை என்பதல்ல. அப்படித்தான் இருந்து தொலைக்கிறாள். அதுதான் எனக்கு ஆகவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. கல்யாணமாகி இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து பொறாமை. அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பார்க்கிறவர்கள் என்னைத்தான் மூத்தவள் என்பார்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலித்தால், அடுத்த அறையில் இருக்கிற என்னைக் கூப்பிடமாட்டார். மாடியைப் பார்த்துத்தான் குரல் கொடுப்பார். மிக்ஸி ஓடவில்லை என்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், என் கணவர் கேட்கிற முதல் கேள்வி, “அண்ணிகிட்டக் கேட்டியா?” நான் பெற்ற பெண், கணக்குப் பாடம் புரியவில்லை என்றால் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். “அம்மா சொன்னா குழம்புது, பெரியம்மா சொன்னா புரியுது” என்று என் முகத்துக்கு நேரே சொல்வாள். இத்தனைக்கும் பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் தொண்ணூற்று எட்டு.

இவளை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்ததும் நான்தான். அவள் வேலை பார்த்த லேப் மூடப்பட்டபோது, “உன் டிபார்ட்மெண்ட்ல ஒரு இடம் காலின்னு சொன்னியே” என்று கணவர் நச்சரித்தார். டாக்டரிடம் போய், “என் அக்கா மாதிரி சார், நல்லா வேலை செய்வாங்க” என்று சொல்லி வேலையும் வாங்கிக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அப்போது எனக்கு அங்கே ஏழு வருட சர்வீஸ். வீட்டில் அவள் மூத்தவளாக இருந்துவிட்டுப் போகட்டும், இங்கேயாவது நான் சீனியர் என்று ஒரு அற்ப ஆசை.

அதிலும் மண் விழுந்தது. வீட்டுப் பழக்கத்தில் அவளை அங்கேயும் “அக்கா” என்றுதான் கூப்பிட்டேன். நான் கூப்பிடுவதைக் கேட்டு நர்ஸ் கூப்பிட்டாள், வார்டு ஆயா கூப்பிட்டார், ஒரு மாதத்தில் அவளைவிடப் பத்து வயது பெரிய டிரைவர்கூட “அக்கா” என்றார். ஏழு வருடம் அங்கே உழைத்த என்னை இன்றைக்கும் “மேடம்” என்கிறார்கள்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கதிர்வீசும் மருந்தை நோயாளியின் உடம்புக்குள் செலுத்தி ஸ்கேன் எடுப்பதும் சிகிச்சை செய்வதும் எங்கள் துறை. அந்த மருந்து வந்து இறங்குவது கனமான கதவு போட்ட ஒரு சின்ன அறையில். ஹாட் ரூம் என்று பெயர், ஏசியில் பல் கிடுகிடுக்கும். மருந்தை ஊசியில் இழுத்து, அளந்து, பெயர் ஒட்டி அனுப்புகிற டெக்னீஷியன்கள் நாங்கள். எங்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் தொங்கும். எவ்வளவு கதிர் எங்கள்மேல் பட்டது என்பதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை அனுப்பினால், ஆளுக்கு ஒரு எண் போட்டுத் தாள் வரும். அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் குத்துவார்கள்.

பள்ளிக்கூடத்தில் கூடுதல் மார்க்குக்குப் போட்டி போட்டிருக்கிறோம். இங்கே குறைந்த மார்க்குக்குப் போட்டி. எண் குறைவாக இருந்தால் கை சுத்தம், வேகம், வேலை தெரிந்தவள் என்று பொருள். அவள் வந்த முதல் மூன்று மாதத்திலேயே அவள் எண் என் எண்ணைவிடக் குறைவு. புதியவள், குறைவாகத்தான் வேலை செய்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த தாளிலும் குறைவு. அதற்கடுத்ததிலும் குறைவு. அந்தப் பலகையைத் தாண்டிப் போகும்போது நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு போவேன்.

அவள் வந்து ஆறாவது வருடம் யிட்ரியம் வந்தது.

ஈரலில் கட்டி உள்ளவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. நாங்கள் தினமும் கையாளுகிற மருந்து வேறு ரகம், அதற்கு ஈயம்தான் காவல். ஈயம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு பாதுகாப்பு. என் மேஜையில் வெளியே எவர்சில்வரும் உள்ளே ஈயத்தகடுமாக ஒரு பெட்டி இருந்தது. ஊசியும் மருந்துக் குப்பியும் அதற்குள்தான். நான் சீனியர் என்பதற்கு அங்கே இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பெட்டி. தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பேன்.

யிட்ரியத்தைக் கையாளுவதற்கு ஒருவரை வெளியூருக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் அவளைப் பார்த்தார். “நீங்க போயிட்டா இங்க தினசரி வேலை ஓடாது மேடம்” என்று எனக்கு ஒரு சமாதானம் சொன்னார். அந்த ஒரு வாரமும் மாடிச் சமையலறையில் விளக்கு எரியவில்லை. எனக்கோ வயிறு எரிந்தது.

திரும்பி வந்தவள் எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். நான் கடைசியில் நின்று ஊசிப் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வருகைத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டேன். அவள் சொன்னது காதில் விழத்தான் செய்தது.

“இந்த மருந்து எலெக்ட்ரான வீசுது. பயங்கர வேகத்துல ஓடி வரும். இத நிறுத்தணும், அவ்வளவுதான் நம்ம வேலை. ஆனா எதுல நிறுத்துறோம்கிறதுலதான் விஷயம் இருக்கு. மாடிப்படியில ஒரு பிள்ளை தலைதெறிக்க ஓடி வருதுன்னு வெச்சுக்கோங்க. சுவத்துல போய் மோதுனா நிக்கும். மெத்தையில விழுந்தாலும் நிக்கும். சுவத்துல மோதுனா வீடே கேக்குற மாதிரி சத்தம் வரும்ல? ஈயம் அந்தச் சுவரு மாதிரி. அதோட அணு கனமானது. எலெக்ட்ரான சடக்குன்னு பிரேக் போட்டுப் புடிக்கும். அப்ப அது இழக்குற வேகம் எக்ஸ்ரேயா வெளிய வந்துடும். பிளாஸ்டிக் மெத்தை. மெதுவாப் புடிச்சு நிறுத்திடும்.”

“அப்ப ஈயமே கூடாதா அக்கா?” என்று நர்ஸ் கேட்டாள்.

“வெளிய இருக்கலாம். முதல்ல பிளாஸ்டிக், அதுக்கப்புறம் ஈயம். நேரா ஈயத்துக்குள்ள வெச்சீங்கன்னா நாமளே ஒரு குட்டி எக்ஸ்ரே மெஷின் செஞ்ச மாதிரி. பக்கத்து எக்ஸ்ரே ரூம்ல குழாய்க்குள்ள நடக்குறதே அதுதான்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். என் பெட்டியை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஈயத்தைவிட பிளாஸ்டிக் மேல் என்றால் சின்னக் குழந்தை சிரிக்கும். பதிமூன்று வருடம் ஈயத்தை நம்பிப் பிழைத்த கை என்னுடையது. படித்த காலத்தில் பரீட்சைக்கு இதையேதான் நானும் எழுதியிருக்கிறேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பொறாமை வந்தால் படிப்பு ஞாபகத்துக்கு வருவதில்லை. அவள் கொண்டுவந்த பயிற்சிப் புத்தகத்தை ஒரு வாரம் என் மேஜையில் வைத்திருந்துவிட்டு, அட்டையைக்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

அவளுடைய மேஜைக்கு, மீன்தொட்டி செய்கிற கடையில் சொல்லி, விரல் தடிமனுள்ள கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி செய்தார்கள். கைவிட இரண்டு ஓட்டை. அறை துடைக்க வந்த ஆயா அதைப் பார்த்துவிட்டு, “மீனு எங்கக்கா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அது மீன்தொட்டி, அவள் மீன்தொட்டி அக்கா. கிண்டல் பெயரிலும் “அக்கா”வை விடவில்லை பாருங்கள்.

சிகிச்சை முடிந்த நோயாளியை காமிரா அடியில் படுக்க வைப்போம். உடம்புக்குள் போன எலெக்ட்ரான்கள் அங்கேயும் பிரேக் பிடித்து நிற்கும்போது கொஞ்சம் எக்ஸ்ரே கசியும். அந்தக் கசிவை வைத்து மருந்து ஈரலில் சரியான இடத்தில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். படம் மங்கலாக, ஈரத்துணியில் கொட்டின மை மாதிரி இருக்கும். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இங்க நல்லாப் புடிச்சிருக்கு சார், இந்த ஓரத்துல கொஞ்சம் வழிஞ்சிருக்கு” என்பாள். டாக்டர் பேனாவை எடுத்து அவள் சொன்னதை அப்படியே எழுதுவார்.

மாதத்தில் நாலைந்து நாள்தான் யிட்ரியம். நோயாளிகள் கூடியபோது, ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான் என்று முறை வைத்தார்கள். என் முறை வந்த முதல் நாள் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை. பெட்டிக்குள் பொருந்துகிற மாதிரி வெட்டி ஒட்டியது. மேலே ஒரு பிளாஸ்திரி நாடா, அதில் அவள் கையெழுத்தில், “யிட்ரியம் அன்று எடுக்காதே.”

எடுக்காதே. என் பெட்டிக்குள், எனக்கு, அவள் எழுதுகிறாள். வீட்டில் மாமியார் அறை, என் மகளின் கணக்கு நோட்டு, டாக்டருடைய காது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள், கடைசியாக என் பெட்டிக்கும் வந்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த உறையோடு வேலை செய்தேன். பிறகு தலைமை டெக்னீஷியன் பதவிக்கு நேர்காணல் என்று அறிவிப்பு வந்தது. போட்டியில் நாங்கள் இரண்டே பேர். அன்றைக்கு மத்தியானம் அறையில் யாரும் இல்லாதபோது அந்த உறையைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சாயங்காலம் குப்பை வண்டி அதைக் கொண்டுபோனது.

அடுத்த வாரம் அவள் கேட்டாள். “உறை எங்க?”

“எனக்கு என்ன தெரியும்?”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சரி, தொட்டி செஞ்ச கடையிலயே வேற செய்யச் சொல்றேன். ரெண்டு மூணு மாசம் ஆகும்பாங்க. அதுவரைக்கும் என் மேஜையில வந்து செய். தொட்டி சும்மாதான இருக்கு.”

“உங்க மீன்தொட்டியில நான் நீந்த வேண்டாம்.”

“விளையாடாத. பேட்ஜ் ஏறிடும்.”

“என் பேட்ஜை நான் பாத்துக்கிறேன் அக்கா. நீங்க உங்க வேலையப் பாருங்க.”

பார்த்துக்கொண்டேன், நன்றாகவே பார்த்துக்கொண்டேன். இரண்டரை மாதம், என் முறை வந்த ஒவ்வொரு யிட்ரியம் நாளும், குப்பியை நேராக ஈயத்துக்குள் வைத்து பெட்டியை நெஞ்சோடு ஒட்டி நின்று வேலை செய்தேன். இடையில் இரண்டு தடவை அவள் வேண்டுமென்றே என் முறை நாளில் சீக்கிரம் வந்து, நான் வருவதற்குள் மருந்தைத் தன் தொட்டியில் வைத்து ஊசியில் இழுத்து முடித்துவிட்டாள். வேலையைப் பிடுங்குகிறாள், டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்று நான் அதற்கும் சண்டை போட்டேன்.

தாள் வந்தது. என் எண் வழக்கத்தைவிட நாலு மடங்கு. உயிருக்கு ஆபத்தான எண் அல்ல. ஆனால் விசாரிக்கவேண்டிய எல்லையைத் தாண்டிய எண். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். காரணம் தெரியும்வரை நான் ஹாட் ரூமுக்குள் போகக்கூடாது. நேர்காணலுக்குப் பதினொரு நாள் இருந்தது. அவள் எண் வழக்கம்போல எல்லோருக்கும் கீழே.

அடுத்த கணமே காரணம் தெரிந்துவிட்டது, அதாவது தெரிந்துவிட்டதாக நம்பினேன். பேட்ஜ்களை நடையில் ஒரு பலகையில் ஆணியடித்து மாட்டியிருப்போம். வேலை முடிந்து போகும்போது அங்கே மாட்டிவிட்டுப் போவோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். என் பேட்ஜை எடுத்து ஒரு ராத்திரி மருந்துக் குப்பி பக்கத்தில் வைத்தால் போதும், எண் ஏறிவிடும். என் எண் ஏறினால் யாருக்கு லாபம்?

அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிற பிசிசிஸ்டுக்கு. என் பேட்ஜில் திட்டமிட்டுக் கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறேன், பதவிப் போட்டியே காரணம், சம்பந்தப்பட்டவர் இன்னார் என்று எழுதி, அவள் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். இது நிரூபணமானால் பதவி மட்டுமல்ல, அவளுடைய லைசென்ஸே போய்விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை எங்கள் இரண்டு பேரையும் ஹாட் ரூமுக்குக் கூப்பிட்டார் பிசிசிஸ்ட். அதிகம் பேசாத மனிதர். என் கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் வியர்த்தது.

“உங்க முறை அன்னைக்கு எப்படி வேலை செய்வீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க மேடம்” என்றார்.

குப்பியை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன். நான் நிற்கிற இடத்தில், என் நெஞ்சு உயரத்தில், அவர் மீட்டரைப் பிடித்தார். அது கடகடவென்று கத்த ஆரம்பித்தது. பிறகு குப்பியை மீன்தொட்டிக்குள் வைக்கச் சொல்லி, அங்கே பிடித்தார். எங்கேயோ ஒரு டிக், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். மறுபடி என் பெட்டி. மறுபடி கடகட. மூன்றாவது தடவை அவர் செய்யவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் வகுப்பில் சொன்ன சுவரும் மெத்தையும் எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறின. என் பேட்ஜில் கைவைத்தவள் நான்தான்.

மீட்டரை நிறுத்திவிட்டு அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இதுக்குள்ள வைக்கச் சொல்லி நான் ஒரு உறை செஞ்சு கொடுத்தேனே. அது எங்க? யார் எடுத்தது?”

அதுவரை அந்த உறை அவள் சொந்த யோசனை என்று நினைத்திருந்தேன். பாதுகாப்புச் சாமானைத் தூக்கி எறிந்திருக்கிறேன், அதற்கு மேல் பொய்ப் புகாரும் கொடுத்திருக்கிறேன். பதவியை விடுங்கள், வேலையே நிலைக்குமா என்று தெரியவில்லை.

“உடைஞ்சு போச்சு சார்” என்றாள் அவள்.

“எப்ப?”

“ரெண்டு மூணு மாசம் இருக்கும். மேடத்துக்கு அது தெரியாது. புது உறை கேட்டு உங்களுக்கு எழுதணும்னு இருந்தேன். நான்தான் மறந்துட்டேன்.”

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, பதிவேட்டை எடுத்து அவளுக்கான பக்கத்தில் எழுதினார். பாதுகாப்பு உறை உடைந்ததை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை, கவனக்குறைவு. அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். என் கடிதத்தை நாலாக மடித்து என்னிடம் நீட்டி, “இது இனி தேவைப்படுமா மேடம்?” என்று கேட்டார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நேர்காணல் அன்றே தலைமை டெக்னீஷியன் பதவி எனக்கு வந்தது. பதிவேட்டில் குறிப்பு இருந்ததால் அவளை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனோம், பக்கத்துப் பக்கத்து சீட். நாலு ஸ்டாப் தாண்டியபிறகு கேட்டேன்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“உனக்காகச் சொன்னேன்னு நெனச்சு உருகிடாத” என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. “உன் வேலை போச்சுன்னா நீ வீட்டுல இருப்ப. இல்ல, எனக்குப் பதவி வந்து நீ எனக்குக் கீழ இருப்ப. அங்க எட்டு மணி நேரம் உன் மூஞ்சி, வீட்டுக்கு வந்தா மிச்ச நேரம் உன் மூஞ்சி. யாரால ஆகும்? பதவிய நீயே வெச்சுக்கோ. எனக்கு மாடியில நிம்மதியாத் தூங்கணும்.”

“உறைய எடுத்தது நான்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“ஈரலுக்குள்ள மருந்து எங்க தங்கியிருக்குன்னு வெளிய கசியுறத வெச்சே சொல்றவ நான். உன் வயித்தெரிச்சல் தெரியாதா? கல்யாணமான நாள்லேருந்து படம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. எங்கள் ஸ்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். “கடிதம் எழுதினதுகூடப் பரவால்ல. என் பேருக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தியே. அது ஏன்? ஒண்ணு பத்தாதா?” அப்போது அவள் குரல் லேசாக உடைந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதிலும் இவள்தான் ஜெயிப்பாள் என்று அடக்கிக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது.

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியாருக்குத் தெரியாது, என் கணவருக்குத் தெரியாது. தலைதெறிக்க ஓடிவந்து விழுந்தவள் நான், ஒருத்தருக்கும் சத்தம் கேட்கவில்லை.

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நாற்காலி என்னுடையது, ஆனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் போய் நிற்பது மீன்தொட்டி பக்கத்தில். என் மகள் கல்லூரியில் இயற்பியல் எடுத்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், “பெரியம்மாதான் காரணம்” என்றாள். பட்டம் வாங்கிய அன்று எடுத்த போட்டோவில் நான் இடதுபக்கம், அவள் வலதுபக்கம், என் மகள் சாய்ந்திருப்பது வலதுபக்கம். அந்தப் போட்டோவைக் கூடத்தில் மாட்ட விடாமல் இரண்டு வருடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன திங்கட்கிழமை என் மேஜைக்கு ஒரு படிவம் வந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் ஈரல் சிகிச்சை புதிதாகத் தொடங்குகிறார்கள். அங்குள்ளவர்களுக்கு யிட்ரியம் கையாளக் கற்றுக்கொடுக்க, ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு அவளைக் கேட்டிருக்கிறார்கள். தலைமை டெக்னீஷியன் என்ற முறையில் நான்தான் நிரப்பித் தரவேண்டும். ஏழாவது கேள்வி: பணிக்காலத்தில் பாதுகாப்பு தொடர்பான குறிப்பு ஏதேனும் உண்டா? உண்டு என்று எழுதினால் எடுக்கமாட்டார்கள். பதிவேட்டில் இருக்கிறது. இல்லை என்று எழுத முடியாது.

நேற்று சாயங்காலம் அவள் கீழே வந்து, காய்ந்த துணிகளை என்னோடு சேர்ந்து மடித்துக்கொண்டே சொன்னாள். “ஃபார்ம் வந்துடுச்சாமே. இருக்குறத அப்படியே எழுதிடு. அத்தைக்கும் முடியல. நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்.”

“போகணும்னு ஆசை இல்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

பொய். ஒரு மாதமாக மாடியில் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பயிற்சித் தாள்கள் பரப்பிக் கிடக்கின்றன. படங்களைத் தானே திரும்ப வரைகிறாள். படிக்கிற கண்ணாடியை மாற்றிப் புதிது வாங்கியிருக்கிறாள். வீட்டிலேயே இருக்கப்போகிறவளுக்கு எதற்குப் புதுக் கண்ணாடி?

ராத்திரி முழுக்கப் புரண்டேன். அவள் போகாமல் வீட்டில் இருந்தால், மாமியாரும் மகளும் முழுசாக அவள் பக்கம். போனால், அந்த ஆஸ்பத்திரியிலும் ஒரே மாதத்தில் டிரைவர்வரை எல்லோருக்கும் அக்கா ஆகிவிடுவாள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு வயிற்றெரிச்சல் நிச்சயம். அப்படி இருக்க, அவளாவது அவளுக்குப் பிடித்த இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலை பிசிசிஸ்டைப் பார்த்துப் படிவத்தோடு ஒரு தாளையும் கொடுத்துவிட்டு வந்தேன். ஓய்வுக்கு எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “ஒன்பது வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்” என்றார்.

மலர்க் குழுவினருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டது இரண்டு பக்கம், நீண்டுவிட்டது. எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கடைசி நாலு வரியை மட்டும் வெட்டாதீர்கள். பிசிசிஸ்டிடம் நான் கொடுத்த தாளில் இருப்பதும் இதேதான்.

ஈயப் பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் உறை உடையவில்லை. அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டது நான். பதிவேட்டில் அவருக்கான பக்கத்தில் எழுதியிருக்கிற கவனக்குறைவை அங்கிருந்து அடித்துவிட்டு என் பக்கத்தில் எழுதிக்கொள்ளவும். கீழே கையெழுத்துப் போட்டு, என் பெயருக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.